முதலில் ஒரு தோழன்: ஆட்டிசம் உள்ள குழந்தையைச் சக குழந்தைகளோடு பழக்குவது எப்படி?

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்குக் குமரி மாவட்டத்தில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "நாலு பிள்ளைகளோடு விடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்பதாகவே இருக்கிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். முற்றத்தோடு முற்றம் ஒட்டியிருக்கும் கடற்கரை ஊர்களிலும், கோயில் வளாகமும் ஆலய மைதானமும் மாலையில் பிள்ளைகளால் நிறைந்துவிடும் உள்நாட்டு ஊர்களிலும் மற்றக் குழந்தைகள் அப்படித்தான் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஓடும் ஆட்டத்தில், யாரும் அறிவிக்காமலே விதி மாறும், அணி மாறும், ஒருவன் கண்ணடித்தால் அதற்கு ஒரு பொருள் இருக்கும். இவை அனைத்தையும் ஒரே நொடியில் பிடித்துக்கொள்வது ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கடினம் என்பதால், அந்தக் கூட்டத்தில் அது கற்றுக்கொள்வதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நிற்பதை மட்டும்தான்.

கூட்டத்தில் விடுவதற்கு மாறாக ஒரு தோழன், ஒரு விளையாட்டு, குறைந்த நேரம் என்று தொடங்கிப் படிப்படியாக விரிப்பதே பயன் தரும் வழி. ஐந்து வயது முதல் பதினொன்று வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: இந்த வேலையில் பாதி உங்கள் குழந்தையிடம் செய்ய வேண்டியது, மறுபாதி மற்றக் குழந்தைகளிடமும் அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்களிடமும் செய்ய வேண்டியது. முதல் பாதியை மட்டும் தெரபி அறையில் வைத்துச் செய்துவிட்டு, இரண்டாம் பாதியைத் தொடாமலே விட்டுவிடுவதால்தான் பல குழந்தைகள் தெரபிஸ்ட்டிடம் அழகாகப் பேசிவிட்டுப் பள்ளியில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கவனிப்பதில் தொடங்குங்கள்

எதையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், ஒரு வாரம் குழந்தையைக் கவனித்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளிடம் அதிக நேரம் செலவிடுகிறது, எந்தச் சத்தத்தில் விலகுகிறது, எந்த நேரத்தில் களைத்துப்போகிறது, மற்றக் குழந்தைகளைத் தூரத்தில் நின்றாவது பார்க்கிறதா, பார்த்தால் யாரைப் பார்க்கிறது என்பவை முக்கியம். தூரத்தில் நின்று பார்ப்பதும் ஒருவகைப் பங்கேற்புதான். அருகில் போகத் தெரியாத குழந்தையும் போக விரும்பாத குழந்தையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பார்கள்; வேறுபாடு அந்தப் பார்வையில் தெரியும்.

குழந்தையின் தனி விருப்பம் எதுவோ அதுவே தோழமைக்கான வாசல். ரயிலில் பித்துக்கொண்ட ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில் டவுன், வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை என்று நாள் முழுவதும் ஒப்பித்துக்கொண்டிருப்பான். வீட்டார் "போதும் நிறுத்து" என்பார்கள். நிறுத்த வேண்டியதில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவனை ஓட்டுநராகவும் இன்னொரு குழந்தையை டிக்கெட் பரிசோதகராகவும் ஆக்கிவிட்டால், ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்க வேண்டும், "டிக்கெட்" என்று ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் கொடுக்க வேண்டும், பச்சைக்கொடி காட்டும் வரை காத்திருக்க வேண்டும். முறைமாற்றிச் செய்வது, காத்திருப்பது, கேட்டால் பதில் தருவது ஆகிய மூன்றும் அவனுக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பேருந்தின் தட எண், மின்விசிறி, தண்ணீர்க் குழாய் என்று எந்த விருப்பத்துக்கும் இப்படி இருவர் ஆடும் ஒரு வடிவம் கண்டுபிடிக்கலாம்.

யாரைத் தோழனாகத் தேர்வது?

பெரும்பாலான வீடுகளில் அண்ணனையோ சித்தி மகளையோ துணைக்கு வைத்துவிடுகிறார்கள். உடன்பிறந்தவர்கள் விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள். குழந்தை கேட்பதற்கு முன்பே பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் குழந்தை கேட்கக் கற்றுக்கொள்வதில்லை. போதாததற்கு, "நீதான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற சுமையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறுகிறது.

நடந்தே வரக்கூடிய தூரத்தில் வீடு, ஏறத்தாழ ஒத்த வயது, அதிகம் கத்தாத இயல்பு, விளையாட்டின் விதியைத் தெளிவாகச் சொல்லும் பழக்கம் ஆகியவை உள்ள குழந்தையைத் தேடுங்கள். இரக்கப்படும் குழந்தையைவிட, உங்கள் குழந்தைக்குப் பிடித்தது தனக்கும் பிடித்திருக்கும் குழந்தையே மேல். இரக்கம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். கேரம் போர்டு மீதான ஆசை அவ்வளவு சீக்கிரம் தீராது.

அந்தக் குழந்தையின் தாயிடம் மறைக்காமல் பேசுங்கள். "அக்கா, எனக்கு ஒரு உதவி வேணும். எம் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சுக்குப் பதில் சொல்ல நேரம் எடுப்பான், சத்தம் பிடிக்காது. உங்க பிள்ளைக்கு இஷ்டம்னா வாரத்துல ரெண்டு நாள் அரை மணி நேரம் இங்க வந்து விளையாடட்டும். நான் பக்கத்துலேயே இருப்பேன்" என்ற அளவு போதும். ஆட்டிசம் தொற்றுமோ, அடித்துவிடுவானோ என்ற ஐயங்கள் கேட்கப்படாமலே எதிரே நிற்கும். கேட்கப்பட்டதுபோல் எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவது நல்லது. சில வீடுகள் மறுக்கும். அதற்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.

முதல் சந்திப்பு

இடம் உங்கள் வீட்டு வராந்தாவாக இருக்கட்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. மைதானத்தை நம்பித் திட்டமிட்டால் பாதி நாட்கள் தவறிப்போகும், நாள் தவறுவது ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பெரிய குழப்பம். நேரம் இருபது நிமிடங்கள் போதும். பள்ளி விட்டு வந்த உடனே வேண்டாம். சாப்பிட்டு, அரை மணி நேரம் தனியாக இருந்து இளைப்பாறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன நடக்கும் என்பதை நான்கு படங்களாக ஒரு அட்டையில் வரிசையாக வைத்துக் காட்டுங்கள்: தோழன் வருவது, கட்டைகள் அடுக்குவது, மட்டிப்பழம் தின்பது, தோழன் வீட்டுக்குப் போவது. கைப்பேசியில் எடுத்த உண்மையான படங்களே போதுமானவை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அதன் படத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்பது தெரிந்தால் குழந்தையின் பதற்றத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் இருவரும் ஒரே மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடினால், அதுவே வெற்றி. அடுத்த கட்டத்தில் பொருளைப் பங்கிடுங்கள்: கட்டைகள் ஒருவரிடம், வண்டிகள் மற்றவரிடம். பாலம் கட்ட வேண்டுமென்றால் கட்டையைக் கேட்டாக வேண்டும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் பொறுமையிழக்கிறார்கள். தோழன், "வண்டி வேணுமா?" என்று கேட்கிறான். உங்கள் மகன் பதில் சொல்லாமல் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். உடனே நீங்கள், "சொல்லு மக்களே, வேணும்னு சொல்லு, அவன் கேக்கான்ல" என்று பாய்ந்துவிடுகிறீர்கள். அதைச் செய்யாமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்ட சொற்களை உள்வாங்கிப் பதிலை எடுத்துவர அவனுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படலாம். இடையில் நீங்கள் பேசினால் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்தில் தொடங்கும். பத்து ஆன பிறகும் பதில் இல்லையென்றால், உங்கள் மகனின் முதுகுக்குப் பின்னிருந்து அவன் கையை மெல்ல வண்டியின் பக்கம் நகர்த்திவிடுங்கள். தோழன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டால், நீங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள், பின்னால் நகருங்கள்.

இருவரும் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுவதுதான் சரி. "நல்லாத்தான் போகுது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று நீட்டினால் கடைசி ஐந்து நிமிடம் அழுகையில் முடியும். இரு குழந்தைகளுக்கும் அந்த ஐந்து நிமிடமே நினைவில் நிற்கும்.

விளையாட்டை முன்கூட்டியே பழக்குவது

விதியையும் தோழனையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது இரட்டைச் சுமை. ஆகவே பாண்டி, தாயம், பல்லாங்குழி, கேரம் என எந்த ஆட்டமானாலும், விதிகள் கைவரும் வரை வீட்டுப் பெரியவர் ஒருவரே முதலில் ஆடிப் பழக்க வேண்டும். தாயமும் பல்லாங்குழியும் இதற்கு மிகப் பொருத்தமானவை. யார் முறை என்பது கண்ணுக்குத் தெரியும், ஓட வேண்டியதில்லை, பேசாமலும் ஆடலாம். முறை யாருடையது என்பதைக் காட்ட ஒரு சிவப்பு மூடியைக் கைமாற்றிக்கொள்வது உதவும். கிளித்தட்டு போன்ற ஓட்ட ஆட்டங்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து தெரியாத பையனுக்குத் தோழர்கள் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். அங்கே இருவர் மட்டும் பந்தை மாற்றி மாற்றித் தட்டுவதில் தொடங்கினால் போதும், போட்டிக்கு அவசரம் இல்லை.

தோற்பதற்கும் ஒத்திகை வேண்டும். குழந்தையை ஒவ்வொரு முறையும் ஜெயிக்க விட்டுப் பழக்கினால், தோழனிடம் தோற்கும் முதல் நாளிலேயே பலகை பறக்கும். வீட்டில் நீங்கள் தோற்று, "போச்சு, அடுத்த ஆட்டம் பாப்போம்" என்று உரக்கச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு மிகச் சிறிய ஆட்டங்களில், ஒரு நிமிடத்துக்குள் முடியக்கூடியவற்றில், குழந்தை தோற்கட்டும். அந்த வாசகம் அதன் வாயில் வரும்வரை இது தொடரட்டும்.

என்ன பேச வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்தத் தெருப் பிள்ளைகள் பேசும் பேச்சிலேயே சொல்லிக்கொடுங்கள். கார்ட்டூன் பார்த்தும் பாடப்புத்தகம் கேட்டும் பேசக் கற்ற குழந்தைகள் சிலர், "நண்பா, நானும் உங்களுடன் விளையாடலாமா?" என்று கேட்டு, கேட்ட மாத்திரத்தில் கேலிக்கு ஆளாகிறார்கள். விளவங்கோடு பக்கத்துப் பையனுக்கு "நானும் வரட்டா?", "இனி எனக்க சான்ஸ்" என்பவைதான் பயன்படும். இத்தகைய ஐந்தாறு வாசகங்கள் உறுதியாக வந்துவிட்டால் பெரும்பாலான ஆட்டங்களுக்குள் நுழைந்துவிடலாம்.

பேச்சு வராத குழந்தைக்கும் இதே வழிதான். படஅட்டையோ, தொட்டால் பேசும் கைப்பேசிச் செயலியோ எதைப் பயன்படுத்தினாலும், அதைத் தோழனும் பயன்படுத்திப் பேச வேண்டும். தோழன் "என் முறை" அட்டையைத் தூக்கிக் காட்டும்போதுதான் அது உரையாடலுக்கான பொருள் என்பது குழந்தைக்குப் புரிகிறது. இல்லாவிட்டால் அம்மாவிடம் பிஸ்கட் கேட்பதற்கு மட்டுமே அட்டை என்றாகிவிடும்.

சூழ்நிலையைக் கதையாக எழுதிக் காட்டுவது

1990களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை உருவாக்கிய ஒரு முறை, செலவில்லாதது, வீட்டிலேயே செய்யக்கூடியது. குழந்தைக்குக் குழப்பம் தரும் ஒரு சூழ்நிலையை, குழந்தையே சொல்வதுபோல் சில வரிகளில் எழுதுவதே அந்த முறை. கட்டளைகள் குறைவாகவும், என்ன நடக்கிறது, மற்றவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்ற விளக்கம் அதிகமாகவும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"மதியம் சாப்பிட்ட பிறகு சில பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கோலி விளையாடுவார்கள். எனக்கும் விளையாட ஆசை வரலாம். அப்போது நான் பக்கத்தில் போய், 'நானும் வரட்டா?' என்று கேட்கலாம். சில நாள் 'வா' என்பார்கள். சில நாள் 'இந்த ஆட்டம் முடியட்டும்' என்பார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் சேர்ந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். நான் திண்டில் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த ஆட்டத்தில் சேரலாம்."

"எப்போதும்", "கட்டாயம்" போன்ற சொற்களைத் தவிர்த்து "சில நாள்", "வரலாம்" என்று எழுதுவது முக்கியம். சொன்னது சொன்னபடி நடக்காவிட்டால் கதையை எழுதியவர் பொய் சொன்னார் என்றே குழந்தை எடுத்துக்கொள்ளும். நிகழ்வுக்குச் சற்று முன், அமைதியான நேரத்தில் படித்துக் காட்டுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது படித்துக் காட்டுவது, அதைத் தண்டனை ஆக்கிவிடும்.

எதைக் கற்பிக்கக் கூடாது?

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று முகத்தைத் திருப்புவது நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் இன்னும் நடக்கிறது. பல ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒருவரின் கண்ணைப் பார்ப்பதும் அவர் சொல்வதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் இயலாதவை. கண்ணைப் பார்க்க வைத்தால் காது மூடிக்கொள்கிறது. தோழன் பக்கம் உடலைத் திருப்பினால் போதும். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது ஆகியவையும் யாருக்கும் காயம் விளைவிக்காத வரை இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றை அடக்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பிறரைப் போல் நடிக்கும் குழந்தை, வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்து வெடித்துவிடுகிறது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புரியாமை ஒருபக்கச் சிக்கல் இல்லை என்பதை, தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். எடின்பரோவில் கேத்தரின் கிராம்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. ஒருவர் சொன்ன கதையை வரிசையாக அடுத்தடுத்தவருக்குச் சொல்லச் செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் ஒரே அளவு செய்தியைக் கடத்தின. இரு வகையினரும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் சிதறியது. நடைமுறையில் இதற்கு ஒரு பயன் உண்டு. தெரபி மையத்தில் உங்கள் குழந்தைக்கு ஒத்துப்போகும் இன்னொரு ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், அந்த நட்பை இரண்டாந்தரமாக எண்ணாமல் வளர்த்துவிடுங்கள்.

பள்ளியில்

கலிஃபோர்னியாவில் கோனி காசரி குழுவினர் 60 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தனியாகப் பயிற்சி தந்ததைவிட, அதன் வகுப்புத் தோழர்களுக்குப் பயிற்சி தந்தது நட்பு வட்டத்தில் அதிக மாற்றத்தைக் கொண்டுவந்தது. நம் ஆசிரியர்களும் செய்யக்கூடியதுதான் இது. வகுப்பில் மூன்று அல்லது நான்கு பிள்ளைகளைத் தேர்ந்து, பெற்றோரின் ஒப்புதலோடு, சில எளிய பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கலாம்: பெயர் சொல்லி அழைத்துவிட்டுப் பேசுவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்வது, பதிலுக்குப் பொறுத்திருப்பது, 'வேண்டாம்' என்றால் விட்டுவிட்டுப் பிறகு மறுபடி அழைப்பது. ஒரே பிள்ளையை ஆண்டு முழுவதும் காவலாளியாக வைத்துவிடாமல், முறைவைத்து மாற்ற வேண்டும்.

இடைவேளையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுதான் குழந்தைக்கு மிகக் கடினம். நூலக அலமாரி அடுக்குவது, செடிக்கு இருவராகச் சேர்ந்து தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலையொன்றை ஒரு துணையோடு கொடுத்தால் அந்தப் பதினைந்து நிமிடம் உருப்படியாகும். சத்துணவு வரிசையில் கடைசியிலோ முதலிலோ நிற்க விடுங்கள். நடுவில் நின்றால் இருபுறமும் இடி.

கேலியைப் பொறுத்தவரை, வெளிப்படையான கேலியைவிடத் தோழமை வேடத்தில் வரும் கேலி ஆபத்தானது. ஒரு சொல்லைச் சொல்ல வைத்துச் சிரிப்பது, டீச்சரிடம் போய் ஏதாவது பேசிவரச் சொல்வது ஆகியவற்றை, ஆட்டிசம் உள்ள குழந்தை "எல்லாரும் எங்கூட விளையாடுறாங்க" என்று மகிழ்ச்சியாகவே வந்து சொல்லும். "என்ன விளையாட்டு? நீ என்ன செய்தாய்? அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று தினமும் கேட்டு வையுங்கள்.

ஆட்டிசம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் ஒன்று. குறைபாடு உள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடங்கிய கல்வியை அந்தச் சட்டம் வலியுறுத்துகிறது. எனவே பள்ளியில் பேசும்போது சலுகை கேட்கும் குரல் வேண்டாம். சிறப்பாசிரியரின் உதவிக்கு உங்கள் வட்டார வள மையத்தையும், அடையாள அட்டைக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகுங்கள்.

திருவிழாவும் தண்ணீரும்

கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை போன்றவற்றுக்குத் தோழனோடு போக ஆசைப்படும் குழந்தையைத் தடுக்க வேண்டாம். கூட்டமும் வெடியும் தொடங்குவதற்கு முன் மாலையிலேயே போய், கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு ராட்டினம் ஏறிவிட்டுத் திரும்பிவிடலாம். காதை மூடும் ஹெட்போன் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியேறிச் செல்லும் இயல்பும் தண்ணீரின் மீது ஈர்ப்பும் கொண்டவர்கள். குளமும் கால்வாயும் கடலும் ஒரு கூப்பிடு தொலைவில் இருக்கும் மாவட்டத்தில், "தோழனோடுதானே போயிருக்கிறான்" என்று இருந்துவிடக் கூடாது. எட்டு வயதுத் தோழன் காவல் இல்லை. இருவரையும் சேர்த்தே நீச்சல் கற்க அனுப்பினால் பாதுகாப்பும் கிடைக்கும், சேர்ந்து செய்ய ஒன்றும் கிடைக்கும்.

மூன்றாவது குழந்தையை எப்போது சேர்ப்பது?

முன்னேற்றத்தை நண்பர்களின் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம். உங்கள் குழந்தை தானாக எத்தனை முறை தோழனிடம் ஒரு பொருளைக் காட்டியது, தோழன் நீங்கள் அழைக்காமலே வந்தானா, சண்டை வந்த பிறகு மறுபடி சேர்ந்தார்களா என்று நோட்டில் குறியுங்கள். தோழன் அழைக்காமலே வரத் தொடங்கி, நீங்கள் அடுக்களையில் இருந்தபடியே அரை மணி நேரம் கழியுமானால், மூன்றாவது குழந்தையைப் பற்றி யோசிக்கலாம்.

இருவரிலிருந்து மூவராவது பார்ப்பதற்குச் சிறியது. உண்மையில் மிகப் பெரிய தாவல். மூன்று பேர் சேர்ந்தால் இருவர் ஒட்டிக்கொண்டு ஒருவர் வெளியே நிற்பது எந்தக் குழந்தைகளிடமும் நடப்பதுதான். எனவே மூன்றாமவர் வரும் நாட்களில், மூவருக்கும் தனித்தனி வேலை உள்ள ஆட்டத்தையே வையுங்கள். ரயில் விளையாட்டில் ஓட்டுநர், பரிசோதகர், நிலைய அதிகாரி என மூன்று பொறுப்புகளுக்கும் படத்தோடு அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தைப் பழைய தோழனோடு இருவராக விளையாட விடுங்கள். மூவர் ஆடிய அன்று இரவு தூக்கம் கெட்டாலோ, மறுநாள் தோழன் பெயரைச் சொன்னதும் குழந்தை அறைக்குள் போய்விட்டாலோ, இரண்டு வாரம் மறுபடி இருவர் ஆட்டத்துக்கே திரும்புங்கள். பிறகு அதே மூன்றாமவரை, அதே ஆட்டத்துக்கு, ஐந்து நிமிடத்துக்கு அழைக்கலாம்.